விரல் நுனியில் ஒரு டகரம்

பத்திரிகைகளிலும் பொது மேடைகளிலும் ‘பிரெயில் மொழி’ என்றொரு தொடர் வழங்கி வருகிறது. கற்றோர் நாவிலும் அது பயில்வதைக் கேட்கிறோம். ஆயின், பிரெயில் என்பது மொழியன்று, அஃது எழுத்து. உரோம எழுத்தினால் ஆங்கிலத்தையும் எழுதலாம், மலாய் மொழியையும் எழுதலாம் அன்றோ? அவ்வாறே பிரெயில் எழுத்தினாலும் தமிழை எழுதலாம், சிங்களத்தை எழுதலாம், அரபையும் யப்பானிய மொழியையும் எழுதலாம்.

இவ்வேறுபாடு சொல்லளவில் சிறிது; பயனளவில் பெரிது. விழிப்புலன் இழந்த பிள்ளையொன்று ‘பிரெயில் படிக்கிறது’ என்று கேட்டவுடன் உள்ளம் நிறைந்துவிடும் பெற்றோரும் உற்றாரும், அப்பிள்ளை படிப்பது தன் தாய்மொழியையா, பிறமொழியையா என்று வினவ மறந்துவிடுகின்றனர். பிரெயில் என்பதே ஒரு மொழி என்று கருதிவிட்டால் அவ்வினாவுக்கு இடமேது?

இதனைத் தெளிவுபடுத்த நெடிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை. ஒரேயொரு பிரெயில் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அது நாட்டுக்கு நாடு, மொழிக்கு மொழி என்ன பெயர் பெற்று வாழ்கின்றது என்று பின்தொடர்ந்து சென்றாற் போதும். நாம் தேர்ந்துகொள்ளும் வடிவம், தமிழில் ‘ட’ என்னும் எழுத்தாக நிற்பது.

ஆறு புள்ளிகள்

மாணவர்கள் ஒரு பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்வாராக. இடப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று புள்ளிகள் இடுக. அவற்றுக்கு 1, 2, 3 என்று எண் கொடுக்க. வலப்பக்கம் அவ்வாறே மூன்று புள்ளிகள் இட்டு 4, 5, 6 என்று எண் கொடுக்க. இதுவே பிரெயிலின் கட்டம். இவ்வாறிடங்களில் எவ்விடத்துப் புள்ளி மேலெழுந்து நிற்கிறது, எவ்விடம் வெறுமையாய் இருக்கிறது என்பதைக் கொண்டே எழுத்துகள் வேறுபடுகின்றன. ஒவ்வோரிடமும் எழலாம் அல்லது எழாதிருக்கலாம் ஆதலின், இரண்டை ஆறு முறை பெருக்க, 64 வடிவங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்று முற்றிலும் வெறுங்கட்டம். சொற்களுக்கிடையே விடும் வெளி அது. எஞ்சிய 63 வடிவங்களே உலகத்து மொழிகள் பலவற்றுக்கும் முதலாக அமைந்த செல்வம்.

நாம் தேர்ந்த வடிவத்தில் 2, 3, 4, 5, 6 ஆகிய ஐந்து புள்ளிகள் எழுந்து நிற்கும். இடப்பக்கத்து மேல் மூலை மட்டும் வெறுமையாய் இருக்கும்.

பிரான்சில் பிறந்த கதை

இவ்வெழுத்தை ஆக்கிய உலூயி பிரெயில், 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ஆந் திகதி பாரிசு நகருக்கு அணித்தான கூவ்ரே என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் தந்தையாரின் பட்டறையிலே ஊசியொன்று கண்ணிற் பாய, புண் புரையோடி மற்றக் கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதளவில் பார்வை முற்றாக மறைந்தது. பத்து வயதில், 1819இல், பாரிசிலிருந்த பார்வையற்ற இளைஞர்க்கான பாடசாலையிற் சேர்ந்தார்.

அங்கே அக்காலத்தில் உரோம எழுத்துகளையே புடைத்து நிற்குமாறு தாளில் அழுத்தி, மாணவரைத் தடவிப் படிக்கச் செய்தனர். கண்ணுக்கு அழகிய எழுத்து விரலுக்கு அழகியதாதல் இல்லை. ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலாற் சுற்றி வரவேண்டும். படித்தல் அரிது, மாணவர் தாமே எழுதுதல் அதனினும் அரிது. படை அலுவலராயிருந்த சார்ல்சு பார்பியர் என்பவர் 1821இல் அப்பாடசாலைக்குப் புள்ளிகளால் ஆன ஒரு முறையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு வடிவத்துக்குப் பன்னிரண்டு புள்ளி இடங்கள். ஒரு விரல் நுனிக்குள் அஃது அடங்கவில்லை. சொல்லின் ஒலியைக் குறித்ததேயன்றி எழுத்துக்கூட்டலையும் அது காட்டவில்லை.

சிறுவர் பிரெயில் செய்த புரட்சி இதுதான்: பன்னிரண்டை ஆறாகக் குறைத்தார், விரலை அசைக்காமலே ஒரு தொடுகையில் ஒரு வடிவம் முழுவதும் உணரப்படுமாறு செய்தார். பதினைந்து வயதளவில் முறை உருவாயிற்று. 1829இல் நூலாக வெளிவந்தது. அவர் 1852இல் இயற்கை எய்திய பின், 1854இலேதான் அவர் கற்றுக் கற்பித்த அப்பாடசாலை அதனை முறையாக ஏற்றுக்கொண்டது.

அவர் வகுத்த ஒழுங்கு நினைவில் வைக்க எளிது. முதற் பத்து எழுத்துகள் மேலுள்ள நான்கு இடங்களுக்குள் அமைவன. அவற்றோடு மூன்றாம் புள்ளியைச் சேர்த்தால் இரண்டாம் பத்து. மூன்றாம் புள்ளியையும் ஆறாம் புள்ளியையும் சேர்த்தால் மூன்றாம் பத்து. நமது ஐந்து புள்ளி வடிவம் இம்மூன்றாம் பத்தின் கடைசிப் பிள்ளை. பிரெஞ்சு மொழியில், தலைமேல் இடப்பக்கம் சாய்ந்த சிறு கோடொன்றைச் சுமக்கும் உகர எழுத்துக்கு அவர் இதனை வழங்கினார். அவ்வெழுத்துக்குப் பிரெஞ்சில் உள்ள வேலையோ மிகமிகச் சிறிது. ‘எங்கே’ என்று பொருள்படும் ‘ஊ’ என்னும் ஒரே சொல்லில்தான் அது வருகின்றது. கோட்டை நீக்கிவிட்டால் அதே சொல் ‘அல்லது’ என்று பொருள் மாறிவிடும். ஒரு சொல்லைக் காக்கவே ஒரு வடிவம்!

ஆங்கிலம் கண்ட சிக்கனம்

கால்வாயைக் கடந்து இங்கிலாந்துக்கு வந்தபோது அவ்வடிவத்துக்கு வேலை இல்லாது போயிற்று. ஆங்கில எழுத்துகள் தலையிற் கோடு சுமப்பதில்லை. 1868இல் பார்வையற்றோர்க்கெனச் சங்கம் நிறுவிய மருத்துவர் ஆர்மிட்டேச் முதலியோரின் முயற்சியால் பிரெயில் அங்கே வேரூன்றியது. பிரெயில் நூல்களோ பருமனானவை. அச்சிலே கையடக்கமான ஒரு நூல் பிரெயிலிலே பல பெருந் தொகுதிகளாக விரியும். ஆதலின் இடத்தைச் சுருக்கும் வழி தேடினர். பிரெஞ்சின் ஐந்து கோட்டெழுத்துகளும் வேலையற்றிருந்தன. அவற்றை ‘அண்ட்’, ‘ஃபோர்’, ‘ஒவ்’, ‘த’, ‘வித்’ என்னும் ஐந்து முழுச் சொற்களுக்குக் கொடுத்துவிட்டனர். நமது வடிவத்துக்குக் கிடைத்தது ‘வித்’ என்னுஞ் சொல். அதன் பொருள் தமிழில் ‘உடன்’. அச்சொல்லின் நடுவே டகரம் வந்தமைந்திருப்பது தற்செயலே. எனினும் சுவையான தற்செயல்.

அத்திலாந்திக்குக்கு அப்பால் நிகழ்ந்தது அத்துணை இனிய கதையன்று. அமெரிக்காவில் வில்லியம் பெல் வெயிட் என்பார் இரண்டு புள்ளி உயரமே உடைய நியூயோர்க் முறையை ஆக்கினார். போஸ்ரன் நகரில், அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைந்த புள்ளி என்னும் கொள்கையோடு வேறொரு முறை எழுந்தது. ஒரே ஆங்கில மொழிக்குப் பல புள்ளி முறைகள். ஒரு நகரத்துப் பாடசாலையிற் படித்தவர் மறு நகரத்து நூலைத் தொட்டால் ஒன்றும் விளங்காது. புலமை மிக்க ஹெலன் கெல்லர் அம்மையாரும் இவ்வாறு பல வகைப் புடைப்பெழுத்துகளைத் தனித்தனியே கற்கவேண்டியிருந்தது. இப்பிணக்கைப் ‘புள்ளிப் போர்’ என்று வரலாற்றாசிரியர் கூறுவர். பிரித்தானியரும் அமெரிக்கரும் ஒரு பொது ஆங்கிலப் பிரெயிலுக்கு உடன்பட்டது 1932இலேதான். எழுத்து ஒன்றாகாவிடத்து நூல் பயன்படாது. நூல் பயன்படாவிடத்துக் கல்வி வளராது. இதுவே அப்போர் தந்த பாடம்.

கீழைத் தேயங்களில்

யப்பானியரின் வழி தனிவழி. அந்நாட்டில் அசையெழுத்தும் வழங்குகின்றது. தோக்கியோவில் பார்வையற்றோர் பாடசாலையில் ஆசிரியராயிருந்த இசிகாவா குராஜி வகுத்த முறை 1890இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆறு இடங்களையும் அவர் இரண்டாகப் பகுத்தார். 1, 2, 4 ஆகிய இடங்கள் உயிருக்கு. 3, 5, 6 ஆகிய இடங்கள் மெய்க்கு. ஓகார ஒலிக்கு 2, 4. மகர மெய்க்கு 3, 5, 6. இரண்டையும் ஒரு கட்டத்துட் பொருத்துக. நமது ஐந்து புள்ளி வடிவம் வந்து நிற்கும்! ஆதலின் யப்பானில் அதன் பெயர் ‘மோ’. உயிரும் மெய்யும் ஒரே உடலிற் கலந்து நிற்கும் உயிர்மெய் என்னுங் கருத்து, தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. அதனைப் புள்ளிகளிற் கண்கூடாகக் காட்டியது யப்பானியப் பிரெயில்.

அரபு மொழியில் நமது வடிவம் வன்மையான ‘தா’ என்னும் எழுத்து. மென்மையான தகரத்துக்கு 2, 3, 4, 5. அதனோடு ஆறாம் புள்ளியும் கூடினால் வன்மையான தகரம். அச்சில் வலமிருந்து இடமாகச் செல்லும் அரபு எழுத்து, பிரெயிலில் ஏனைய மொழிகளைப் போல இடமிருந்து வலமாகவே செல்கின்றது என்பது பலர் அறியாத செய்தி.

மொழியின் எல்லையையும் கடந்து இவ்வடிவம் தொழில் செய்கின்றது. பாரிசில் தேவாலய இசைக்கருவி வாசித்தவரான பிரெயில், இசைக்கும் தம் புள்ளிகளைப் பயன்படுத்தினார். அவ்விசைக் குறியீட்டில் நமது வடிவம் ஏழாம் சுரம். நம்மவர் நிஷாதம் என்பதற்கு நேரானது. மூன்றாம், ஆறாம் புள்ளிகள் அச்சுரம் நீடிக்கும் காலத்தைச் சுட்டுவன. பிறவியிலேயே பார்வையற்றவரும் கணிதப் பேராசிரியருமான ஆபிரகாம் நெமெத் 1952இல் வெளியிட்ட கணிதக் குறியீட்டிலோ, அது கணக்கின் அடைப்பை மூடும் பிறைக்கோடு.

பாரதத்தில் ஓர் ஒற்றுமை

இந்தியாவிலும் ஒரு புள்ளிப் போர் மூண்டிருக்கக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பார்வையற்றோர்க்கான பாடசாலைகள் ஆங்காங்கே தோன்றியபோது, ஒவ்வொரு மொழியார்க்கும் ஒவ்வொரு முறை எழுந்தது. ஒரு மொழிக்கே ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளும் எழுந்தன. 1949இல் இந்திய அரசு இச்சிக்கலை யுனெஸ்கோ நிறுவனத்தின் முன் வைத்தது. நியூசிலாந்தைச் சேர்ந்தவரும் 1915இல் கலிப்பொலிப் போர்க்களத்திற் கண்ணிழந்தவருமான சர் குளூதா மக்கென்சி இப்பணிக்கு ஆலோசகரானார். 1950இல் பாரிசிலும் 1951இல் பெய்ரூத்திலும் அறிஞர் கூடினர். அதன் பயனாக எழுந்ததே பாரதி பிரெயில்.

அதன் அடிப்படை எளிது: எழுத்தின் உருவம் எதுவாயினும், ஒலி ஒன்றாயின் புள்ளியும் ஒன்று. இந்தியிலும் வங்காளத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் தமிழிலும் ககரம் ஒன்றே, மகரம் ஒன்றே. கூடியவரையில் ஆங்கிலத்தோடும் ஒத்திருக்குமாறு ப, ம, ய, ர, ல, வ முதலியன அமைந்தன. ஆங்கிலத்தில் நேரான எழுத்தில்லாத ஒலிகளுக்கு, அங்கே சொற்குறுக்கங்களாயிருந்த வடிவங்கள் பயன்பட்டன. அவ்வகையில் நமது ஐந்து புள்ளி வடிவம் டகரமாயிற்று. சிங்களப் பிரெயிலும் பெரும்பாலும் இவ்வொழுங்கையே தழுவியது. அச்சிலே தமிழும் சிங்களமும் ஒன்றையொன்று அறியாத முகங்கள். விரல் நுனியிலோ அவை நெருங்கிய உறவினர்.

தமிழின் அழகு

தமிழில் இதன் அமைப்பைக் கூர்ந்து நோக்குவோம். ஜகரம் 2, 4, 5. அதனோடு மூன்றாம் புள்ளி சேர்ந்தால் தகரம். பின்னர் ஆறாம் புள்ளி சேர்ந்தால் டகரம். ஆறிடங்களில் ஓரிடம் மட்டும் வெறுமையாயுள்ள வடிவங்கள் மொத்தம் ஆறு. முதலிடம் வெறுமையாயின் ட, இரண்டாமிடமாயின் ய, மூன்றாமிடமாயின் ற, நான்காமிடமாயின் ழ, ஐந்தாமிடமாயின் ஷ, ஆறாமிடமாயின் க்ஷ.

பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம், அவற்றோடு மெய்யைக் காட்டும் புள்ளி ஒன்று. ஆக 32 வடிவங்கள். இவற்றைக்கொண்டே 247 தமிழெழுத்துகளும் எழுதப்படுகின்றன. அச்சில் ‘கொடி’ என்று எழுதும்போது கொம்பு முன்னே, ககரம் நடுவே, கால் பின்னே என்று கண் தாவ வேண்டும். பிரெயிலில் க, ஒ, ட, இ என்று நான்கு வடிவங்கள் ஒலிக்கும் முறையிலேயே நிரலாக வரும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று நம் இலக்கண நூலார் கூறியதை விரல் நாள்தோறும் மெய்ப்பிக்கின்றது.

புள்ளியின் கதை இதனினுஞ் சுவையானது. ஓலை கிழியும் என்று அஞ்சி ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடாது விட்டனர், படிப்போரே உய்த்துணர்ந்தனர். பிரெயிலில் அப்புள்ளிக்குத் தனிக் கட்டமே உண்டு. அதுவும் எழுத்துக்கு முன்னே வரும். ‘பட்டு’ என்னுஞ் சொல்லில் பகரம், புள்ளி, டகரம், டகரம், உகரம் என ஐந்து வடிவங்கள். வரும் எழுத்து உயிரற்ற மெய் என்று விரலுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது அப்புள்ளி.

எழுதும்போது மற்றொரு விந்தை. சட்டத்தில் தாளைப் பொருத்தி, எழுத்தாணி போன்ற முள்ளாற் குத்துவோர், தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்துவர். தாளைத் திருப்பியபின் புடைத்த பக்கத்தை இடமிருந்து வலமாகப் படிப்பர். ஆதலின் டகரம் எழுத விரும்பும் பிள்ளை, குத்தும் பக்கத்தில் அமைப்பது ழகரத்தின் வடிவம். ழகரம் வேண்டின் அமைப்பது டகரத்தின் வடிவம். கண்ணாடியில் இடமும் வலமும் மாறுவது போல இரண்டும் ஒன்றற்கொன்று நிழல். இத்தனையையும் மனத்திலே திருப்பிப் போட்டு எழுதும் சிறுவர் சிறுமியரின் நினைவாற்றலை நாம் வியவாதிருக்க முடியுமா?

விரல் எவ்வாறு அறியும்?

ஒரே வடிவம் இத்தனை பெயர் தாங்கினால் மயக்கம் வராதோ என்று வினவுவர். இலங்கையிலே தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கற்கும் பிள்ளைக்கு இவ்வினா உண்மையானதே. விடை, இடமும் சூழலும் என்பது. இரண்டு வெளிகளுக்கிடையே நமது வடிவம் தனித்து நின்றால் அது ஆங்கிலத்து ‘வித்’ என்பது துணிவு. தமிழில் டகரம் தனித்து நின்று சொல்லாவதில்லை. ணகரத்துக்குரிய 3, 4, 5, 6 ஆகிய புள்ளிகளே எண்களுக்கு முன் இடும் அடையாளமும் ஆகும். எனினும் அங்கும் மயக்கமில்லை. எண்ணடையாளம் முதலில் நிற்பது. ணகரமோ தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாதது. மொழி முதல் எழுத்துகளைப் பற்றி வகுப்பில் நாம் கற்பிக்கும் பழைய விதி, இவ்வாறு புதியதோர் எழுத்துக்கும் காவலாக நிற்கின்றது.

இவ்வொருமைப்பாட்டின் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ஆங்கிலம் எழுத இயலாது. ஆனால் 1951இல் வெளிவந்த பெர்க்கின்சு பிரெயில் பொறிக்கு எழுத்து விசைகள் ஆறே. அவ்வாறு விசைகளால் எம்மொழியையும் எழுதலாம். ஒரு பொறி, ஒரு பயிற்சி, பல மொழிகள். கணினிகளுக்கான யுனிக்கோட் அட்டவணையிலும் 1999இல் பிரெயில் வடிவங்கள் இடம்பெற்றன. அங்கே நமது வடிவத்துக்கு இட்ட பெயரைப் பார்த்தால் ‘ட’ என்றில்லை, ‘வித்’ என்றுமில்லை. ‘புள்ளிகள் 2, 3, 4, 5, 6’ என்று மட்டுமே இருக்கும். அவ்வடிவம் எம்மொழிக்கும் உரியதன்று; ஆதலாலேயே எல்லா மொழிக்கும் உரியது.

நாம் செய்யத்தக்கது

இரத்மலானையில் 1912இல் மேரி சப்மன் அம்மையார் நிறுவிய பாடசாலையோடு நம் நாட்டில் இக்கல்வி நூறாண்டைக் கடந்துவிட்டது. எனினும் பார்வையுள்ள நம்மிற் பெரும்பாலார் இவ்வெழுத்தில் ஒன்றையேனும் அறியோம். பார்வையற்ற பிள்ளையின் தாயும் தந்தையும் அவ்வெழுத்தை அறியாவிடின், பிள்ளை எழுதிய முதற் கடிதத்தை வீட்டில் யார் படிப்பது? பள்ளியிற் கற்ற பாடத்தை மாலையில் யார் திருத்துவது?

கற்க வேண்டியவை 32 வடிவங்களே. கண்ணாற் பார்த்துப் படிக்கும் அளவுக்கு அவற்றை உளங்கொள்ளச் சில மாலைப் பொழுதுகள் போதும். விரலாற் படித்தல் நெடிய பயிற்சி; அது பிள்ளையின் பணி. கண்ணாற் படித்தல் எளிய பணி, அது நம்முடையது. குடும்பத்தில் ஒருவரேனும், வகுப்பில் ஒரு தோழரேனும் இதனைக் கற்றுக்கொண்டால், அப்பிள்ளையின் எழுத்துக்கு ஒரு வாசகர் கிடைத்துவிடுவார். ‘என் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து முதலிற் கற்பிக்கப்படுகிறதா?’ என்று வினவும் தெளிவும் பெற்றோர்க்கு அப்பொழுதுதான் பிறக்கும்.

பிரான்சில் ‘எங்கே’ என்னும் சொல்லைத் தாங்கியது, இங்கிலாந்தில் ‘உடன்’ என்றது, யப்பானில் ‘மோ’ என்றது, நம் வீட்டுக்கு வரும்போது ‘ட’ என்கின்றது. பாடத்திலும் பாட்டிலும் வீட்டிலும் நாட்டிலும் வரும் அவ்வெழுத்தை நம் பிள்ளைகள் விரலாற் படித்துக்கொண்டிருக்கின்றனர். அதனைக் கண்ணாற் படிக்க நாமும் அறிந்துகொள்வோமாக.